தங்க மூடிக்கு மயங்க வேண்டாம்

பழைய மைக்ரோபிராசசர், மெமரி சிப்களைச் சேர்ப்பது பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: எங்கள் பாலிடெக்னிக்கில் பழைய 8085 மைக்ரோபிராசசர் கிட்டுகளைக் கண்டம் செய்து ஏலம் விடப் போகிறார்கள். அதில் உள்ள சிப்களுக்கு மதிப்பு இருக்கிறதா? எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், தாம்பரம்)

பிடுங்காதீர்கள். 8085 என்ற சிப் 1976-இல் வந்தது. பல ஆண்டுகள் பல நிறுவனங்கள் அதைத் தயாரித்தன. சாதாரண பிளாஸ்டிக் 8085-ஐ ரிச்சி தெருவில் கேட்டால் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் கீபோர்டு, டிஸ்ப்ளே, மானிட்டர் புரோகிராம் (கிட்டை இயக்கும் அடிப்படைப் புரோகிராம்) எல்லாம் அப்படியே இருக்கும் முழு கிட் குறைந்துகொண்டே வருகிறது. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங், பாலிடெக்னிக் படித்த பல தலைமுறைகள் கை வைத்த கருவி அது. சிப்பைத் தனியாகக் கழற்றினால் ஒரு மலிவான சிப்பும் ஒரு செத்த போர்டும்தான் மிஞ்சும்.

முதலில் ஒவ்வொரு கிட்டிலும் பிராசசரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். இன்டெல் சிப்களில் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்து உறையின் வகையைச் சொல்லும். பிளாஸ்டிக் என்றால் 'பி'. இரண்டு பீங்கான் தகடுகளைக் கண்ணாடிப் பசையால் ஒட்டிய சாம்பல், பழுப்பு நிற உறை என்றால் 'டி'. வெள்ளைப் பீங்கானில் பக்கவாட்டில் கால்களைப் பற்றவைத்து, நடுவில் உலோக மூடி போட்டிருந்தால் 'சி'. அதே 8085-க்கு இந்த மூன்றிலும் மூன்று விலை; 'சி'தான் முதலிடம். அடுத்து எண்ணின் பின்னொட்டு. '8085ஏஎச்' என்றால் பிற்கால ரகம், ஏராளம். '8085ஏ' அதற்கு முந்தையது. 'ஏ' எழுத்தே இல்லாத வெறும் 8085 ஆரம்பத்தில் கொஞ்ச காலமே வந்தது. அது கண்ணில் பட்டால் ஒதுக்கி வையுங்கள். '-2' என்று முடிந்தால் 5 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் வேகமான ரகம். அதனால் பயன் கூடுமே தவிர அபூர்வம் கூடாது.

தயாரித்த நிறுவனத்தையும் பாருங்கள். கிட் செய்தவர்கள் அந்தந்த நேரத்தில் மலிவாகக் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். அதனால் ஒரே மாடல் கிட்டுகளிலேயே இன்டெல், ஏ.எம்.டி., என்.இ.சி., சீமென்ஸ், தோஷிபா, மிட்சுபிஷி என்று பல பெயர்கள் வரக்கூடும். சென்னையில் இருந்துகொண்டு ஒரு நல்ல தொகுப்பைக் குறைந்த செலவில் தொடங்க வேண்டுமென்றால் இதுதான் வழி: ஒரே 8085, எத்தனை நிறுவனங்களின் பெயரில். வெளிநாட்டு ஏலத்தில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

ஏலத்தில் எடுக்கும்போது ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அரசு நிறுவனத்துச் சொத்து எண் எழுதிய போர்டு, ரசீது இல்லாமல் வெளியே வந்தால் பின்னால் தலைவலி. அந்தச் சொத்து எண்ணைச் சுரண்டவும் வேண்டாம். எந்தக் கல்லூரியில், எந்த ஆண்டிலிருந்து அந்தக் கிட் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

கேள்வி: என்னிடம் உள்ள 8086 சிப்பில் இன்டெல் பெயருக்குப் பக்கத்தில் 1978 என்று போட்டிருக்கிறது. முதல் வருடத் தயாரிப்பு என்று விற்கலாமா? (வாசகர், அம்பத்தூர்)

விற்க முடியாது. வட்டத்துக்குள் 'சி' எழுத்துடன் வரும் ஆண்டு வடிவமைப்புக்கான காப்புரிமை ஆண்டு. 1978-க்குப் பல வருடம் கழித்து வந்த சிப்பிலும் அதே 1978 இருக்கும். சிப் எப்போது வந்தது என்பதைச் சொல்வது வேறொரு எண். பெரும்பாலான நிறுவனங்கள் நான்கு இலக்கம் போடும்: முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 7942 என்றால் 1979-ஆம் ஆண்டின் 42-ஆவது வாரம். கடைசி இரண்டு இலக்கம் 53-க்கு மேல் போனால் அது தேதியே இல்லை, வேறு ஏதோ எண். 1980களின் இன்டெல் சிப்களில் எழுத்தில் தொடங்கும் நீளமான எண் இருக்கும். உதாரணமாக 'எல்5230117' என்றால் எழுத்து தயாரிப்பு இடம்; 5 ஆண்டின் கடைசி இலக்கம்; 23 வாரம். அதாவது 1985, 23-ஆவது வாரம். எந்தப் பத்தாண்டு என்பதை மற்ற அடையாளங்களை வைத்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: வெள்ளைப் பீங்கான், தங்க மூடியுடன் ஒரு இன்டெல் 4004 விற்பனைக்கு வருகிறது. விலை பல பத்தாயிரம் சொல்கிறார்கள். போட்டோ மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், மயிலாப்பூர்)

நவம்பர் 1971-இல் இன்டெல் அறிவித்த 4004, ஒரே சிப்பில் விற்பனைக்கு வந்த முதல் மைக்ரோபிராசசர் என்று பொதுவாகச் சொல்லப்படுவது. ஜப்பானின் பிசிகாம் கால்குலேட்டருக்காக உருவானது. ஏறக்குறைய 2,300 டிரான்சிஸ்டர்கள், 16 கால்கள். வடிவமைப்பை முடித்த ஃபெடரிகோ ஃபாஜின் தன் பெயரின் இரு முதலெழுத்துகளைச் சிலிக்கானிலேயே பொறித்திருக்கிறார். இந்தப் பெருமை காரணமாகத்தான் விலையும் போலியும் ஒன்றாக ஏறின.

விலை சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த 4004 என்பது. வெள்ளைப் பீங்கானில், மூடியின் அடியிலிருந்து கால்களை நோக்கிச் சாம்பல் நிறக் கோடுகள் ஓடுவது வெளியே தெரியும் ரகம்தான் சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவது. அதே வெள்ளை உறை, ஆனால் கோடு தெரியாதது அடுத்த படி. 'டி4004', 'பி4004' இரண்டும் அதற்கும் கீழே. நேஷனல் செமிகண்டக்டர் தயாரித்த 'ஐ.என்.எஸ்.4004' தனி வகை. எல்லாவற்றுக்கும் 4004 என்றுதான் பெயர், விலையோ பல மடங்கு மாறும். 'ஒரு 4004 இவ்வளவுக்குப் போனது' என்று யாராவது சொன்னால் எந்த உறை என்று கேட்காமல் அந்தத் தொகையை மனதில் வைக்காதீர்கள்.

இனி போலி. வெள்ளைப் பீங்கான் 16 கால் உறையில் அந்தக் காலத்தில் வேறு எத்தனையோ சிப்கள் வந்தன. அவற்றின் எழுத்தை அழித்துவிட்டு மேலே புதிதாக அச்சிடுவதுதான் வழக்கமான மோசடி. விற்பவரிடம் ஐந்து படம் கேளுங்கள்: மேல்பக்கம் நேராக, அடிப்பக்கம், இரண்டு பக்கவாட்டு, பிறகு வெளிச்சம் சாய்வாக விழும்படி மேல்பக்கம் ஒன்று. எல்லாப் படத்திலும் அன்றைய தேதியை எழுதிய காகிதம் பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் வேறொருவருடைய சிப்பின் படத்தைக்கூட அனுப்ப முடியும்.

சாய்வு வெளிச்சப் படத்தில் எழுத்தையும் கீறலையும் சேர்த்துப் பாருங்கள். ஐம்பது வருடம் கைமாறிய சிப்பில் கீறல் இருக்கும். அசலில் அந்தக் கீறல் எழுத்தையும் அறுத்துக்கொண்டு போகும். போலியில் எழுத்து கீறலின் மேல் படிந்து, கீறலின் பள்ளத்துக்குள்ளும் மை இறங்கியிருக்கும். இதைப் படத்தில் பார்ப்பதைவிட நேரில், வாட்ச் ரிப்பேர் செய்பவர் கண்ணில் மாட்டும் 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். எழுத்தின் ஓரமும் துப்புக் கொடுக்கும். அக்கால மை அச்சு சற்றுத் தடிப்பாக, ஓரம் கொஞ்சம் சீரற்று இருக்கும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இக்கால அச்சு. கால்களைப் பாருங்கள். அவற்றில் பழைய ஈயம் அப்பியிருக்கிறது, மேலே எழுத்து மட்டும் நேற்று அடித்தது போல இருக்கிறது என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் சிப்களில் வேறு விதம். மேல்பக்கத்தை உரசி, கருப்புப் பூச்சு அடித்து, அதன் மேல் புது எண் போடுவார்கள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் வட்டமான சிறு பள்ளங்கள் இருக்கும். அவற்றின் அடி வழவழப்பாக, ஆழம் சீராக இருக்க வேண்டும். பூச்சு அடித்த சிப்பில் அந்தப் பள்ளம் பாதி மூடியிருக்கும். மேல்பக்கச் சொரசொரப்பும் அடிப்பக்கச் சொரசொரப்பும் ஒத்துப்போகாது. 1980களின் ஆரம்பத் தேதி போட்ட சிப்பில் லேசரில் பொறித்த எழுத்து இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்போது மை அச்சுதான் வழக்கம்.

அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்க்கும் சோதனை இந்தப் பூச்சுக்கு நன்றாக வேலை செய்யும்: பஞ்சு கருப்பாகும், அடியில் உரசிய கோடுகள் தெரியும். ஆனால் அதை எழுத்தில்லாத ஓரத்தில் மட்டும் செய்யுங்கள். அசல் மை எழுத்தையும் அசிட்டோன் கரைக்கும். வெள்ளைப் பீங்கான், தங்க மூடி ரகங்களில் இந்தச் சோதனையே வேண்டாம். உண்மையான சிப்பின் எழுத்து போனால் அதன் மதிப்பில் பெரும்பகுதி அதோடு போய்விடும். தங்க மூடியின் மேல் அச்சிட்ட எழுத்து விரலால் தேய்த்தால்கூட உரியும்.

பணம் கொடுப்பதற்கு முன் நேரில் பார்க்க ஒத்துக்கொள்ளாவிட்டால், திருப்பி அனுப்பினால் பணம் தரும் ஏற்பாடு இல்லாவிட்டால், வாங்காதீர்கள். வரலாற்றைக் கையில் வைத்துக்கொள்ள ஆசை என்றால் அதே குடும்பத்தின் 4001, 4002 மெமரி சிப்களில் தொடங்கலாம்; விலை குறைவு.

கேள்வி: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கம்ப்யூட்டர் போர்டுகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். எதைத் தேடுவது? (வாசகர், குரோம்பேட்டை)

லென்ஸ், சின்ன டார்ச், ஈரப்பஞ்சு, சிப்களைக் குத்தி வைக்க நிலை மின்சாரம் தேங்காத கருப்பு ஃபோம் உள்ள டப்பா இவை போதும். காலையிலேயே போங்கள். வெயில் ஏறிய பிறகு டார்பாலினில் கிடக்கும் போர்டு கையால் தொட முடியாதபடி சுடும், தூசியும் பறக்கும்.

386 போர்டு கிடைத்தால் பிராசசரின் முகத்தைத் துடைத்துப் படியுங்கள். 80386 வந்தது 1985. 1987 வாக்கில் அதன் 32 பிட் பெருக்கலில் ஒரு குறை வெளிப்பட்டது. சோதித்துத் தேறியவற்றில் இன்டெல் கிரேக்க சிக்மா எழுத்தை இரண்டு முறை அச்சிட்டது. தேறாதவற்றை வீசிவிடாமல் '16 பிட் எஸ்/டபிள்யூ ஒன்லி' என்று அச்சிட்டு விற்றது. இந்த இரண்டாவது வகை பின்னால் பலரால் மாற்றப்பட்டுக் குப்பைக்குப் போனது. அதனாலேயே இன்று தேடப்படுகிறது. விற்பவருக்கு இரண்டும் ஒரே 386தான். எந்த அச்சும் இல்லாத, குறை வெளிப்படுவதற்கு முந்தைய சிப்பும் வைத்துக்கொள்ளத் தக்கதே.

1993-இல் வந்த 60, 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியம், தங்க மூடி போட்ட பெரிய பீங்கான் சதுரம். 1994-இல் அதன் வகுத்தல் பிழை பெரிய செய்தியானது. அந்த ஆண்டு டிசம்பரில் இன்டெல் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தர ஒத்துக்கொண்டது. போர்டு உயிரோடு இருந்தால் 4195835-ஐ 3145727-ஆல் வகுத்துப் பாருங்கள். 1.33382 என்று வந்தால் சரியான சிப். 1.33373 என்று வந்தால் பிழை உள்ள சிப். சேகரிப்பவருக்கு வேண்டியது அதுதான். 60, 66-இலும் பிழை திருத்தப்பட்ட பிற்காலப் பதிப்புகள் உண்டு என்பதால் வேகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பீங்கான் மோட்டோரோலா 68000 பிராசசர் கண்டால் விடாதீர்கள். 1979-இல் வந்த அது 64 கால்களுடன் கையகலம் நீண்டு கிடக்கும். எண்ணுக்கு முன் 'எம்.சி.' என்பது முறையான விற்பனை ரகம், 'எக்ஸ்.சி.' என்றிருந்தால் முழுத் தகுதிச் சான்று பெறுவதற்கு முன் வெளிவந்தது, மதிப்பு கூடுதல்.

ரஷ்ய எழுத்துள்ள சிப்களும் கலந்து வரலாம். சோவியத் சிப்களின் கால் இடைவெளி 2.5 மில்லிமீட்டர், மற்றவர்களுடையது 2.54. ஒரு காலுக்குத் தெரியாத வித்தியாசம், 40 கால் சிப்பில் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டராகச் சேர்ந்துவிடும். நம் ஐ.சி. பேஸில் அழுத்திச் செருகினால் ஓரக் கால்கள் மடங்கும். ஃபோமில் குத்தி வையுங்கள், அதுவே போதும்.

கேள்வி: காயலான் கடையில் பென்டியம் புரோ சிப்களைத் தங்கத்துக்காகக் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். நாமே தங்கத்தைப் பிரித்தால் லாபம்தானே? (வாசகர், புதுப்பேட்டை)

இல்லை. நைட்ரிக் அமிலம் உலோகத்தின் மேல் விழும்போது எழும் பழுப்பு நிறப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. மூச்சில் போன அன்று இருமலோடு நிற்கும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து ஆள் சாயலாம். வீட்டு மாடியிலோ கடையின் பின்பக்கத்திலோ செய்யக்கூடிய வேலை அல்ல. மிஞ்சும் அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றுவது சட்டப்படியும் குற்றம். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம்தான் இதைச் செய்யலாம்.

சேகரிப்பவர் பார்வையிலும் அது நஷ்டம். 1995-இல் வந்த பென்டியம் புரோவில் ஒரே பீங்கானுக்குள் பிராசசர் ஒன்று, கேஷ் மெமரி (பிராசசருக்கான வேக நினைவகம்) ஒன்று என்று இரண்டு சிலிக்கான். 387 தங்கக் கால்கள். இந்தத் தங்கத்துக்காகவே உலகம் முழுக்க இவை உருக்கப்பட்டு எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. கடைக்காரர் எடை போடும் விலையைவிட ஒரு சுத்தமான, கால் வளையாத சிப்புக்குச் சேகரிப்பவர் தரும் விலை அதிகமாகவே இருக்கும். 1 எம்.பி. கேஷ் உள்ள கருப்பு உறை ரகத்தில் கண்ணைப் பறிக்கும் தங்கம் இல்லை. ஆனால் அபூர்வம் அதில்தான் அதிகம். கடைக்காரரிடம் சொல்லி வைத்து, எடை விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து, உடைப்பதற்கு முன் நீங்கள் பொறுக்கிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: சிப்பின் நடுவில் கண்ணாடி ஜன்னல் உள்ளது. மேலே ஒட்டிய காகிதம் பழுத்து உரிகிறது. எடுத்துவிட்டு அழகாகக் காட்சிக்கு வைக்கலாமா? (வாசகர், அண்ணா நகர்)

அது ஈப்ராம், அதாவது அழித்து மறுபடி எழுதக்கூடிய மெமரி சிப். அந்தக் குவார்ட்ஸ் ஜன்னல் வழியே புற ஊதாக் கதிர் விழுந்தால் உள்ளே எழுதியது அழியும். இன்டெல் கொடுத்திருக்கும் கணக்குப்படி நேர் வெயிலில் சுமார் ஒரு வாரம், அறையின் டியூப்லைட்டில் சுமார் மூன்று ஆண்டு. காகிதத்தை எடுப்பதற்கு முன் அதில் எழுதியதைப் படமெடுங்கள். பதிப்பு எண்ணும் தேதியும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

அடுத்து உள்ளே இருப்பதைப் படித்துப் பத்திரப்படுத்துங்கள். 2716 என்ற ஈப்ராம் சில ரூபாய் சிப்; அதற்குள் இருக்கும் உள்ளூர் நிறுவனத்தின் புரோகிராம் உலகில் அந்த ஒரு பிரதியாகவே இருக்கலாம். ஈப்ராமைப் படிக்கும் கருவியான யு.எஸ்.பி. புரோகிராமரில் மூன்று முறை படித்து, மூன்று கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 2716 என்றால் 2,048 பைட், 2732 என்றால் 4,096, 2764 என்றால் 8,192. மூன்றும் வேறு வேறாக வந்தால் பெரும்பாலும் கால்களில் அழுக்கு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷால் கால்களை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி படியுங்கள்.

2708 என்ற ஈப்ராமுக்கு +5, -5, +12 என்று மூன்று மின்னழுத்தம் வேண்டும், வழக்கமான யு.எஸ்.பி. புரோகிராமரில் வைக்காதீர்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் 'டி.எம்.எஸ்.2716' என்பதும் மூன்று மின்னழுத்த ரகம். இன்டெல் 2716-க்கு இணையான டெக்சாஸ் சிப்பின் எண் 2516. எண் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றிச் செருகி நல்ல சிப்களை எரித்தவர்கள் பலர். படித்து முடித்ததும் ஜன்னலின் மேல் ஒளி புகாத அலுமினியப் பட்டை ஸ்டிக்கர் ஒட்டுங்கள். காட்சிக்கு வைப்பதற்கு வெற்று ஈப்ராம் ஒன்றைப் பயன்படுத்தலாம்.

கேள்வி: திருவான்மியூரில் கடலுக்கு அருகில் வீடு. சிப்களின் கால்கள் கறுக்கின்றன, சிலவற்றில் செம்புள்ளி. என்ன செய்வது? (வாசகி, திருவான்மியூர்)

இரண்டும் வேறு வேறு நோய். 1970களின் டெக்சாஸ் சிப்கள் போன்றவற்றில் கால்களுக்கு வெள்ளி முலாம். காற்றில் உள்ள கந்தகம் பட்டால் அது கருக்கும். பார்க்க மோசம், ஆனால் பெரிய சேதம் இல்லை, அப்படியே விடுங்கள். செம்புள்ளி துரு. தங்க முலாம் போட்ட கால்களின் உள்ளே இருப்பது இரும்பும் நிக்கலும் கலந்த உலோகம். முலாமில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் உப்புக் காற்று உள்ளே புகுந்து இரும்பைத் துருவாக்கி வெளியே தள்ளும். ரப்பரால் தேய்த்தால் மிச்சத் தங்கமும் போய் அடுத்த மழைக்காலத்தில் கால் முழுக்கச் சிவக்கும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பிரஷால் கால்களை மட்டும் கழுவி உப்பைப் போக்குங்கள்; பிறகு ஆல்கஹாலால் துடைத்து ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். எழுத்துப் பக்கம் எதுவும் படக் கூடாது.

வைக்கும் இடம்தான் முக்கியம். ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, 5 லிட்டர் டப்பாவுக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. 30-க்குக் கீழே போனால் நிலை மின்சாரத் தொல்லை கூடும். ஜெல் நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கலாம், சமையலுக்குப் பயன்படுத்தாத அடுப்பில். டப்பாவின் ரப்பர் வளையம் சிலிக்கோன் ரகமாக இருக்கட்டும்; சாதாரண ரப்பரில் கந்தகம் உண்டு. அதே காரணத்தால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். பி.வி.சி. ஆல்பம், செய்தித்தாள் இரண்டும் வேண்டாம்.

சந்தையில் சிப்போடு வரும் பழைய கருப்பு ஃபோமை அன்றே தூக்கிப் போடுங்கள். வயதான ஃபோம் பிசுபிசுத்து, தூளாகி, கால்களை அரிக்கும். புது ஃபோமையும் சில வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தெர்மாகோலில் நேரடியாகக் குத்துவது எல்லாவற்றையும்விட ஆபத்து. நிலை மின்சாரம் பழைய சிப்களைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

கேள்வி: போர்டிலிருந்து கழற்றிய 8085 உயிரோடு இருக்கிறதா என்று எளிதாகச் சோதிக்க வழி உண்டா? (மாணவர், கிண்டி)

உண்டு. ஒன்றும் செய்யாதே என்ற கட்டளையின் எண் 00. டேட்டா கால்களில் எப்போதும் 00 இருக்கும்படி செய்தால் சிப் முகவரியை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே ஓடும்.

40-ஆவது காலுக்கு +5 வோல்ட், 20-ஆவது தரை (கிரவுண்ட்). இரண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபேரட். 1, 2 கால்களுக்கு இடையே 6 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். 36-ஆவது காலிலிருந்து +5-க்கு 75 கிலோ ஓம், தரைக்கு 1 மைக்ரோஃபேரட். 35-ஐ 4.7 கிலோ ஓம் வழியே +5-க்கு. 5 முதல் 10 வரையும் 39-ஆவதும் தரைக்கு. 12 முதல் 19 வரையிலான எட்டுக் கால்களையும் தலா ஒரு 4.7 கிலோ ஓம் வழியே தரைக்கு இழுங்கள். நேராகத் தரையோடு சேர்க்கக் கூடாது. அதே கால்களில்தான் சிப் முகவரியையும் வெளியே தள்ளுகிறது. 28-ஆவது காலிலிருந்து 10 கிலோ ஓம் வழியே பி.சி.547 டிரான்சிஸ்டரின் பேஸ்; எமிட்டர் தரைக்கு; கலெக்டரில் 470 ஓமும் எல்.இ.டி.யும். சிப்பின் கால் நேராக எல்.இ.டி.யைத் தாங்காது.

மின்சாரம் கொடுக்கும் கருவியில் 250 மில்லிஆம்பியர் வரம்பு வையுங்கள். நல்ல சிப் 170-க்குள் எடுக்கும். வரம்பைத் தொட்டால் உடனே அணைத்துவிட்டு, தலைகீழாகச் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் எல்.இ.டி. நொடிக்கு 11 முறைக்குச் சற்று அதிகமாகச் சிமிட்டும். உள் வேகம் 3 மெகாஹெர்ட்ஸ், ஒரு கட்டளைக்கு 4 துடிப்பு, 65,536 முகவரிகள் சுற்றி வர ஒரு சிமிட்டல் என்ற கணக்கு அது.

சிமிட்டாவிட்டால் 37-ஆவது காலில் 3 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு வருகிறதா பாருங்கள். இல்லையென்றால் கிரிஸ்டலோ சிப்போ. துடிப்பு இருந்தும் எல்.இ.டி. அசையாமல் நின்றால் பெரும்பாலும் எட்டு ரெசிஸ்டர்களில் ஏதோ ஒன்று பிரெட்போர்டில் சரியாகப் பிடிக்கவில்லை. 00-க்குப் பதில் வேறு எண் போய் சிப் வேறு கட்டளையை ஓட்டிக்கொண்டிருக்கும்.

இந்தச் சோதனை சாதாரண பிளாஸ்டிக் சிப்களுக்கு. 8085-க்கு முந்தைய பிராசசரான வெள்ளைப் பீங்கான் சி8080 கிடைத்தால் சோதிக்க முனையாதீர்கள். அதற்கு மூன்று மின்னழுத்தம். -5 வராமல் +12 வந்துவிட்டால் சிப் சாகும். அதன் மதிப்பு உறையிலும் எழுத்திலும் இருக்கிறது.

கேள்வி: இந்தியத் தயாரிப்புச் சிப்களுக்கு மதிப்பு உண்டா? விலையை எப்படி நிர்ணயிப்பது? (வாசகர், பெரம்பூர்)

உண்டு, இனிமேல்தான் ஏறும். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1960களிலிருந்தே டிரான்சிஸ்டர்கள் செய்தது. பழைய ரேடியோக்களில் 'பெல்' எழுத்துடன் இன்னும் கிடைக்கின்றன. மொஹாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் 1980களில் சிப் தயாரிப்பில் இறங்கியது. 1989 பிப்ரவரியில் அங்கே பெரும் தீ, தொழிற்சாலை அழிந்தது. தீக்கு முந்தைய தேதி போட்ட 'எஸ்.சி.எல்.' சிப் எந்த வகையானாலும் எடுத்து வையுங்கள். வெளிநாட்டுப் பட்டியல்களில் இவை சரியாகப் பதிவாகவில்லை. அதனால் இன்று விலை இல்லை, தேடுபவரும் குறைவு. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டு, கடிகாரம், ரயில்வே சிக்னல் போர்டு, அரசு நிறுவன ஏலம் ஆகியவற்றில் பாருங்கள்.

விலைக்கு, விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். இணைய ஏலத் தளத்தில் 'விற்றவை' என்று வடிகட்டி, அதே எண், அதே முன்னெழுத்து, அதே உறை, ஏறக்குறைய அதே தேதி உள்ளவற்றில் மூன்று நான்கு விற்பனைகளைக் கண்டுபிடியுங்கள். உச்சத்தையும் அடிமட்டத்தையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதை எடுங்கள். அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். ஈயம் பட்ட கால் என்றால் கணிசமாகக் குறையும். ஒரு கால் ஒடிந்திருந்தால் பாதிக்கும் கீழே. பீங்கான் மூலை பெயர்ந்திருந்தால், எழுத்து மங்கியிருந்தால் இன்னும் கீழே. பயன்படுத்தாத, தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் குழாயிலேயே உள்ள சிப்புக்கு மட்டும் கூட்டலாம். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் கூரியர், வரி, அவர்கள் கையாளும் கட்டணம் எல்லாம் சேர்ந்து மலிவான சிப்பின் விலையைத் தாண்டிவிடும். ஒரே விற்பனையாளரிடம் பத்துப் பன்னிரண்டு சிப்களைச் சேர்த்து வாங்கினால்தான் கட்டுப்படியாகும். இந்தியத் தயாரிப்புக்கு ஒப்பிட விற்பனையே கிடைக்காது. அதற்கு எங்கே, எந்தக் கருவியிலிருந்து, எந்த ஆண்டில் எடுத்தது என்று ஒரு சீட்டு எழுதி டப்பாவிலேயே வையுங்கள். பின்னால் விலை பேசும்போது கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.